தன் பந்துக்குத் தானே நடுவர்

கோல்ஃபில் விதியை மீறியவருக்கு அபராதம் போட வேண்டிய முதல் ஆள் அவரேதான். தொலைக்காட்சியில் வரும் பெரிய போட்டிகளில் விதி அதிகாரிகள் வண்டியில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கிளப் போட்டிகளில் அப்படி யாரும் கிடையாது. 18 குழி மைதானம் நூறு ஏக்கர் அளவுக்குப் பரந்து கிடக்கும். அதில் மூன்று பேர், நான்கு பேர் கொண்ட குழுக்கள் அடுத்தடுத்துக் கிளம்பிப் போகும். ஒவ்வொருவர் பந்தும் ஒவ்வொரு பக்கம் கிடக்கும். புதரோரம் கிடக்கும் பந்து காலடியில் அரை அங்குலம் உருண்டால், அது அடிப்பவருக்கும் அவருடைய மட்டைப்பையைச் சுமக்கும் கேடிக்கும் மட்டுமே தெரியும். அதனால்தான் விதிப்புத்தகத்தின் முதல் விதியே ஆட்டக்காரரின் நடத்தையைப் பற்றிப் பேசுகிறது: நேர்மையாக நட, மற்றவர்களை மதி, மைதானத்தைப் பாழாக்காதே. விதிகளைத் தன்மேல் பிரயோகித்துக்கொள்ளும் பொறுப்பும் அந்த விதியிலேயே ஆட்டக்காரரின் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது.

உத்திரமேரூர் பக்கத்தில் ஏரி வற்றியதும் பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். பேட்டிங் பிடிக்கும் அணியின் பையனே அம்பயராக நிற்பான். அவன் தன் ஆளுக்கு எல்.பி.டபிள்யூ கொடுக்க மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், எல்.பி.டபிள்யூவே கிடையாது என்று ஆட்டம் தொடங்கும்போதே பேசி முடித்துவிடுவார்கள். கோல்ஃப் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. விதிகளைக் குறைக்காமல், அத்தனையையும் அடிப்பவர் கையிலேயே கொடுத்துவிடுகிறது.

எழுதப்பட்ட முதல் கோல்ஃப் விதிகள் 1744இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்தில் பிறந்தவை. வெள்ளி மட்டை ஒன்றைப் பரிசாக வைத்து நடந்த போட்டிக்காக எழுதப்பட்ட அவை மொத்தம் 13. அந்தப் போட்டியில் வென்றவர் ஜான் ராட்ரே என்ற அறுவை மருத்துவர். பந்து தண்ணீரில் விழுந்தால் எடுத்துப் பின்னால் வைத்து அடிக்கலாம், அதற்கு ஓர் அடி விலை என்று அப்போது எழுதியதன் சாரம் இன்றைய விதியிலும் அப்படியே இருக்கிறது. பின்னாளில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் விதிகளைக் கவனித்துக்கொண்டன. 1952 முதல் இரண்டும் ஒரே தொகுப்பை வெளியிடுகின்றன. 2019இல் பெரிய திருத்தம் வந்தது: 34 விதிகள் 24 ஆயின, மொழியும் எளிதானது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2023ஆம் ஆண்டுப் பதிப்பு.

இந்தியாவுக்கு இந்த ஆட்டம் சீக்கிரமே வந்துவிட்டது. 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கிளப்களில் மிகப் பழையது. தமிழகத்தில் ஊட்டியின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியும் கொடைக்கானலும் வெள்ளைக்காரர் காலத்து மைதானங்கள். சென்னையில் நந்தனத்தில் ஒன்று இருக்கிறது. கிண்டி குதிரைப் பந்தய ஓடுபாதைக்கு நடுவே மெட்ராஸ் ஜிம்கானா கிளப் நெடுங்காலம் ஒரு மைதானத்தை நடத்திவந்தது. பந்தய மைதானத்தின் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. மைதானங்கள் குறைவு, ஆடுபவர்களும் குறைவு. ஒரு கிளப்பில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நேர்மை விஷயத்தில் இது வசதியும்தான், சங்கடமும்தான்.

கிளப் போட்டிகள் இரண்டு வகை. மேட்ச் பிளேயில் ஒருவருக்கு ஒருவர் மோதுவார்கள். யார் அதிகக் குழிகளை வென்றார்கள் என்பதே கணக்கு. ஸ்ட்ரோக் பிளேயில் மொத்த அடிகளைக் கூட்டுவார்கள். குறைவாக அடித்தவர் வென்றவர். நேர்மையின் அளவுகோல் இரண்டிலும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேட்ச் பிளேயில் எதிராளி விதியை மீறியதைப் பார்த்தும் ஒருவர் பேசாமல் விட்டுவிடலாம், விதியே அதை அனுமதிக்கிறது. நஷ்டம் அவருக்கு மட்டும்தான். ஸ்ட்ரோக் பிளேயில் அந்தப் பெருந்தன்மைக்கு இடமில்லை. மாதப் பதக்கப் போட்டியில் 80 பேர் ஆடுகிறார்கள் என்றால், ஒருவருக்குக் காட்டும் சலுகை மற்ற 79 பேரின் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது. அந்த 79 பேரில் பெரும்பாலோர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

கிளப் கோல்ஃபில் நடக்கும் மீறல்களில் பெரும்பகுதி திருட்டுத்தனம் அல்ல, பழக்கதோஷம். வார நாட்களில் நண்பர்கள் ஆடும்போது குழிக்கு இரண்டடி தூரத்தில் நிற்கும் பந்தை “எடுத்துக்குங்க சார்” என்று விட்டுக்கொடுப்பார்கள். மேட்ச் பிளேயில் இது முறைப்படி செல்லும். ஸ்ட்ரோக் பிளே போட்டியிலோ பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். விழாமல் எடுத்து, அதைச் சரிசெய்யாமலே அடுத்த குழியின் தொடக்க இடமான டீயிலிருந்து அடித்துவிட்டால் தகுதியிழப்பு. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலும் கை தன்னையறியாமல் குனிந்து பந்தை எடுத்துவிடுகிறது. இந்தச் சிக்கலுக்கு நல்ல மருந்து ஸ்டேபிள்ஃபோர்ட் முறை. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவர் வகுத்த இந்த முறையில் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் 1932இல் போட்டி நடந்தது. திறமைக்கேற்பத் தரும் அடிச் சலுகையான ஹேண்டிகேப்பைக் கழித்த பிறகு, குழிக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கையான பார் எடுத்தால் 2 புள்ளி, அதைவிட ஓர் அடி கூடிய போகிக்கு 1, ஓர் அடி குறைந்த பர்டிக்கு 3. புள்ளி கிடைக்க வழியில்லை என்று தெரிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு நடக்கலாம், தப்பில்லை. ஒரு குழியில் பதினோரு அடி அடித்துவிட்டு அதை எழுதக் கூசும் மனிதர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

தொலைந்த பந்து இன்னொரு பழக்கதோஷம். தேடத் தொடங்கியதிலிருந்து மூன்று நிமிடம்தான் அவகாசம். 2019க்கு முன் ஐந்தாக இருந்தது. கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. எட்டாவது நிமிடத்தில் “இதோ இருக்கு” என்று குரல் வரும். கிடைத்தது அவர் பந்தாகவே இருந்தாலும் விதிப்படி அது தொலைந்த பந்து. பழைய இடத்துக்குத் திரும்பிப் போய், ஓர் அபராத அடியோடு மீண்டும் அடிக்க வேண்டும். இந்த நடையைத் தவிர்ப்பதற்காகத்தான் ப்ரொவிஷனல் பந்து என்ற ஏற்பாடு. முதல் பந்து தொலைந்திருக்கும் அல்லது எல்லைக்கு வெளியே போயிருக்கும் என்று தோன்றினால் முன்னெச்சரிக்கையாக இன்னொன்றை அடித்து வைக்கலாம். ஆனால் அடிக்கும் முன் “ப்ரொவிஷனல்” என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். “இன்னொண்ணு அடிச்சிடறேன்” என்று சொல்லி அடித்தால் போதாது. அப்படி அடித்த கணத்திலேயே முதல் பந்து கணக்கிலிருந்து போய்விடும்; பிறகு அது வெட்டிய புல்பாதையான ஃபேர்வேயின் நடுவில் பளிச்சென்று கிடந்தாலும் பயனில்லை. டீயிலிருந்து அடித்த அந்த இரண்டாவது பந்து மூன்றாவது அடியாகிவிடும். விதி தெரியாததற்குத் தரும் விலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஒன்றிரண்டு அடிகள்.

விதி தெரிந்திருந்தால் லாபமும் உண்டு. ஊட்டி மைதானத்தின் முட்புதரில் பந்து சிக்கினால் அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆட முடியாத பந்து என்று தானே அறிவித்து, ஓர் அடி அபராதத்தோடு இரண்டு மட்டை நீளத்துக்குள் போட்டு ஆடலாம். மழைக்காலத்தில் தேங்கிய தற்காலிகத் தண்ணீர், போட்டியை நடத்தும் கமிட்டி கோடு போட்டு ஒதுக்கிய பழுதுபார்ப்பு நிலம், விலங்குகள் தோண்டிய வளை ஆகியவற்றிலிருந்து அபராதமே இல்லாமல் பந்தை நகர்த்தலாம். கொடைக்கானல் மைதானத்தில் காட்டுமாடுகள் மேயும். அவை போட்டுவிட்டுப் போகும் சாணம் விதிப்புத்தகத்தில் உதிர்ந்த இலையோடு சேர்ந்த வகை, பந்தை அசைக்காமல் அகற்றிவிடலாம். பந்துக்குப் பக்கத்தில் நல்ல பாம்போ தேன்கூடோ இருந்தால் ஆபத்தான விலங்கு என்ற கணக்கில் இலவச விடுவிப்பு உண்டு. கள்ளிமுள்ளுக்கு அது கிடையாது. முள் குத்தும் என்பதற்காக விதி இரக்கப்படாது.

குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டால், போட்ட இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்று பழைய கல்கத்தாவில் ஒரு விதி இருந்ததாகக் கதை சொல்வார்கள். கதை ரசமானது. இன்றைய விதி வேறு: நின்றுகொண்டிருந்த பந்தைக் குரங்கு எடுத்ததாகத் தெரிந்தாலோ ஏறக்குறைய உறுதியானாலோ பழைய இடத்திலேயே ஒரு பந்தை வைத்து ஆட வேண்டும், அபராதம் இல்லை. அந்தப் பழைய இடத்தை யாரும் அளந்து வைத்திருக்கப் போவதில்லை. இங்கேதான் நியாயமான கணிப்பு என்ற சலுகை வருகிறது. இடத்தையோ கோட்டையோ தூரத்தையோ ஆட்டக்காரர் அந்தச் சூழ்நிலையில் எதிர்பார்க்கக்கூடிய கவனத்தோடு கணித்திருந்தால், பிறகு வீடியோ வந்து அரை அடி தவறு என்று காட்டினாலும் அந்தக் கணிப்பு ஏற்கப்படும். விதி இங்கே கேட்பது மனசாட்சிப்படி எடுத்த முடிவைத்தான். துல்லியத்தைக் கேட்கவில்லை.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? மேட்ச் பிளேயில் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வரலாம். ஸ்ட்ரோக் பிளேயில் குழுவில் இருப்பவர்கள் கூடிப் பேசித் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லை. சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது, அநியாயத்துக்குக் குறைவாகப் பயன்படும் வழி: இரண்டு பந்து ஆடுவது. சரியான முறை எது என்று தெரியாதபோது, இரண்டு பந்து ஆடப்போவதாக அடிக்கணக்கை எழுதும் மார்க்கரிடம் முதலில் சொல்ல வேண்டும். விதி அனுமதித்தால் எந்தப் பந்து கணக்கில் வர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டு, அந்தக் குழியை இரண்டு பந்தாலும் ஆடி முடிக்க வேண்டும். அந்தக் கணக்கு எழுதிய கார்டைக் கொடுக்கும் முன் கமிட்டியிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும்; இரண்டிலும் ஒரே எண்ணிக்கை வந்திருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் தகுதியிழப்பு.

மார்க்கர் என்பவர் கூட ஆடுபவர்தான். ஒருவர் கார்டை இன்னொருவர் எழுதுவார். நம்மூர்க் கிளப்களில் இந்த வேலையின் உண்மையான கஷ்டம் விதியில் இல்லை, படிநிலையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி மணல் பங்கரில் மட்டையைப் பின்னுக்கு இழுக்கும்போது மணலைத் தொட்டுவிடுகிறார். அது இரண்டு அடி அபராதம். அவர் கார்டை எழுதுபவர் போன வருடம் சேர்ந்த இளம் உறுப்பினர். அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. குற்றம் சாட்டாமல் கேட்பதுதான் இங்கே நாகரிகம். “சார், மட்டை பின்னால போறப்ப மணல்ல பட்ட மாதிரி தெரிஞ்சது. பட்டுதா?” என்று அந்த இடத்திலேயே, அடுத்த குழிக்குப் போவதற்குள் கேட்டுவிட வேண்டும். பெரும்பாலும் “அப்படியா? கவனிக்கலையே, இரண்டு போட்டுக்கோங்க” என்றுதான் பதில் வரும். “படவே இல்லை” என்று அவர் சாதித்தால் மார்க்கர் வாதாட வேண்டாம். அந்தக் குழியின் எண்ணிக்கையில் தனக்கு உடன்பாடில்லை என்று கமிட்டியிடம் சொல்லலாம். விசாரித்து முடிவு செய்வது கமிட்டியின் வேலை. கிளப்புக்குத் திரும்பிய பிறகு சாப்பாட்டு மேசையில் மூன்றாம் மனிதரிடம் சொல்வதுதான் மோசமான வழி. துரதிர்ஷ்டவசமாக அதுதான் அதிகம் நடப்பது.

கார்டில் ஒவ்வொரு குழிக்கும் எழுதியிருக்கும் எண்ணுக்கு ஆட்டக்காரரே பொறுப்பு. கூட்டலில் பிழை இருந்தால் கமிட்டி திருத்திக்கொள்ளும். குழியின் எண்ணிக்கையைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும். குறைத்து எழுதியிருந்தால் தகுதியிழப்பு. 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆவது குழியை 3 அடியில் முடித்ததைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. மார்க்கராக இருந்த டாமி ஆரோன் 4 என்று எழுதிவிட்டார். கவனிக்காமல் டி விசென்சோ கையெழுத்துப் போட்டார். 65 ஆக இருக்க வேண்டியது 66 ஆனது. பாப் கோல்பியோடு சமநிலையை உடைக்கும் ப்ளேஆஃப் ஆடியிருக்க வேண்டியவர் ஓர் அடியில் தோற்றார். அன்று அவருக்கு 45ஆவது பிறந்தநாள்.

கணக்கில் இத்தனை கறார் எதற்கு என்று கேட்பவர்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்கு யார் தகுதியானவர் என்று வரிசையாகச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயர் ஓலையில் ஏறக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரும் ஏறக்கூடாது. தன்னைத்தானே ஆண்டுகொள்ளும் சபைக்கு மேலே கண்காணிக்க ஆளில்லாதபோது கணக்கே எஜமானனாகிவிடுகிறது. கோல்ஃப் கிளப்பும் அப்படி ஒரு சபைதான். உறவினரை மட்டும் அது விட்டுவிடுகிறது.

கோல்ஃப் விதி இன்னொரு இடத்தில் இளகியும் இருக்கிறது. குறைவாக எழுதியதற்குக் காரணம், அபராத அடி ஒன்று விழுந்ததே தெரியாமல் இருந்தது என்றால் தகுதியிழப்பு கிடையாது. விடுபட்ட அபராதத்தை மட்டும் சேர்ப்பார்கள். இந்த இளக்கம் சமீபத்தியது, அதன் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது. 2017இல் பெண்களுக்கான ஏ.என்.ஏ இன்ஸ்பிரேஷன் போட்டியில் முன்னணியில் இருந்த லெக்ஸி தாம்ப்சன், முந்தின நாள் குழியைச் சுற்றியுள்ள கிரீனில் பந்தை எடுத்து வைக்கும்போது ஓர் அங்குலம் தள்ளி வைத்ததாகத் தொலைக்காட்சி பார்த்த ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். தவறான இடத்திலிருந்து ஆடியதற்கு இரண்டு, தவறான கார்டுக்கு இரண்டு என நான்கு அடி அபராதம் ஆட்டத்தின் நடுவே விழுந்தது. ப்ளேஆஃபில் அவர் தோற்றார். பெரும் கண்டனம் எழுந்தது. 2018 ஜனவரி முதல் பெரிய போட்டிகளில் பார்வையாளர் புகார்களை ஏற்பதை நிறுத்தினார்கள். தெரியாமல் விட்ட அபராதத்துக்காகக் கார்டுக்குப் போடும் கூடுதல் இரண்டு அடியும் போனது.

2010இல் அமெரிக்காவின் ஹில்டன் ஹெட் போட்டியில் நடந்தது வேறு வகை. பிரையன் டேவிஸ் ஜிம் ஃபியூரிக்கோடு ப்ளேஆஃப் ஆடிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓரத்துப் பகுதியிலிருந்து அடிக்கும்போது மட்டை பின்னால் போகையில் உதிர்ந்த நாணல் தண்டு ஒன்றை உரசியதாக அவருக்கே தோன்றியது. அதிகாரியை அழைத்துச் சொன்னார். வீடியோவை ஓட்டிப் பார்த்துத்தான் மற்றவர்கள் அதை உறுதிசெய்துகொண்டார்கள். இரண்டு அடி போனது, அதோடு கோப்பையும் போனது. 2019 திருத்தத்தில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். இன்று அப்படி உரசினால் அபராதம் கிடையாது. டேவிஸுக்கு இது ஒன்பது வருடம் தாமதம்.

கேடி செய்யும் தவறும் ஆட்டக்காரர் கணக்கில்தான் சேரும். புதருக்குள் முதலில் போகிறவர் கேடி. பந்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டி நல்ல புல்லில் நிறுத்தினால் முதலாளி மகிழ்வார், கூலியும் கொஞ்சம் கூடும் என்று நினைக்கும் கேடியும் உண்டு. இதில் கேடியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சுற்றுத் தொடங்கும் முன்பே “பந்தைத் தொட வேண்டாம், கண்டதும் கூப்பிட்டால் போதும்” என்று சொல்லாத ஆட்டக்காரர் அந்தத் தட்டுதலுக்குப் பாதிப் பங்காளி.

இதைவிட நுட்பமான ஏமாற்று ஹேண்டிகேப்பில் நடக்கிறது. திறமை வேறுபட்டவர்கள் சமமாக மோத, குறைந்த திறமை உள்ளவருக்குத் தரும் அடிச் சலுகைதான் ஹேண்டிகேப். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8இன் சராசரியிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. உச்ச வரம்பு 54. வெற்றிக்கு ஆசைப்படுபவர் சாதாரண நாட்களில் வேண்டுமென்றே சொதப்புவார், நன்றாக ஆடிய கார்டைப் பையிலேயே வைத்துக்கொள்வார். ஹேண்டிகேப் ஏறும். கோப்பைப் போட்டியன்று மனிதர் திடீரென்று ஜொலிப்பார். மைதானத்தில் அவர் ஒரு விதியைக்கூட மீறியிருக்க மாட்டார். இதற்கு முறையே சில கடிவாளங்களை வைத்திருக்கிறது. ஒரு வருடத்தின் மிகக் குறைந்த அளவிலிருந்து 3 தாண்டினால் ஏற்றம் பாதியாகும், 5க்கு மேல் ஏறவே ஏறாது. ஒரு சுற்று வழக்கத்தைவிட 7 அடி சிறப்பாக அமைந்தால் ஹேண்டிகேப்பில் 1 குறையும், 10 என்றால் 2. கணிதம் பிடிக்காததைக் கமிட்டி பிடிக்கலாம். கார்டுகளைப் பார்த்து ஒருவர் ஹேண்டிகேப்பைத் திருத்தும் அதிகாரம் அதற்கு உண்டு. சக உறுப்பினர் என்ற தாட்சண்யத்தில் பல கமிட்டிகள் அந்தப் பக்கமே போவதில்லை.

கமிட்டிக்கு வேறு கடமைகளும் இருக்கின்றன. எல்லைக்கு வெள்ளைக் கழி, தண்ணீர்ப் பகுதிகளுக்குச் சிவப்பு, மஞ்சள் கழி என்று குழப்பமில்லாமல் நட்டு வைக்க வேண்டும். அந்த மைதானத்துக்கே உரிய பாதை, வேலி, பூச்செடி பற்றிய உள்ளூர் விதிகளை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கழி சாய்ந்து கிடக்கும் மைதானத்தில் நேர்மையை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். அதேசமயம் விதியைத் தள்ளுபடி செய்யவோ, பிடித்தவருக்கு அபராதத்தைக் குறைக்கவோ கமிட்டிக்கு உரிமை இல்லை.

இரண்டு ஆட்டக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த விதியையோ அபராதத்தையோ கண்டுகொள்ளாமல் விடுவதாகப் பேசிவைத்தால் இருவரும் போட்டியிலிருந்து வெளியே. மேட்ச் பிளேக்கும் இது பொருந்தும். எதிராளியின் தவறைத் தனியாக மன்னிக்கலாம், சேர்ந்து பேசிவைக்கக் கூடாது. போட்டி முடிந்து முடிவும் அறிவித்தபின் தெரியவரும் சாதாரண அபராதங்களை யாரும் கிளறுவதில்லை, முடிவு அப்படியே நிற்கும். தெரியாமல் விட்ட அபராதம் தவிர வேறு காரணத்தால் குழியின் எண்ணிக்கையைக் குறைத்து எழுதியது, தகுதியிழக்க வைக்கும் மீறலைத் தெரிந்தும் மறைத்தது, சேர்ந்து பேசி விதியை ஒதுக்கியது ஆகியவற்றுக்கு மட்டும் கெடு கிடையாது. எவ்வளவு காலம் கழித்து வெளிவந்தாலும் கமிட்டி தகுதியிழப்பை அறிவித்துக் கோப்பையைத் திரும்பக் கேட்கலாம்.